செப்டம்பர் 16: ஒரு பெட்டிச் செய்திக்குள் அடங்காத நாள்

செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாள். 17 பெரியார் பிறந்த நாள். தமிழ்நாட்டில் இரண்டு நாளும் மாலை, மேடை, சுவரொட்டி என்று களைகட்டும். நடுவில் வரும் 16ஆம் தேதி சந்தடியில்லாமல் கடந்துபோகும். நாளிதழின் உள்பக்கத்தில் ‘வரலாற்றில் இன்று’ என்ற பெட்டிக்குள் அந்தத் தேதிக்கு ஏழெட்டு வரி கிடைப்பதோடு சரி. மெக்சிகோவில் விடுதலைப் போர் தொடங்கியது, மலேசியா உதயமானது, உலக ஓசோன் தினம், எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார். வரிக்கு ஓர் ஆண்டு, வரிக்கு ஒரு பெயர்.

அந்தப் பெட்டியை இடம் நிரப்பும் சரக்காக நினைப்பது தவறு. பள்ளிப் படிப்போடு வரலாற்றுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்ட பலருக்கு, தினமும் கண்ணில் படும் வரலாறு அது ஒன்றுதான். பள்ளிகளின் காலைக் கூட்டத்தில் மாணவர்கள் மைக் முன்னால் நின்று வாசிப்பதும் அதைத்தான். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் கத்தரித்து நோட்டில் ஒட்டுவதும் அதைத்தான். இத்தனை பேர் நம்பிப் படிக்கும் பகுதி, பத்திரிகையிலேயே மிகக் குறைந்த சிரத்தையோடு தயாராகிறது. என்ன நடந்தது என்று சொல்கிறது. ஏன் அந்த நாளில் நடந்தது, அதனால் யாருடைய வாழ்க்கை மாறியது என்பதை விட்டுவிடுகிறது. ஆட்சியாளர்களும் போர்களும் மேலே, பாடுகிறவர்கள் கடைசி வரியில் என்ற வரிசை வேறு. இந்த வழக்கம் மாற வேண்டும். செப்டம்பர் 16ஐ மட்டும் எடுத்துப் பார்த்தாலே போதும், எவ்வளவு இழக்கிறோம் என்பது புரிந்துவிடும்.

மலேசியாவிலிருந்து தொடங்கலாம். தஞ்சாவூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்த மண்ணோடு இன்றும் உறவு உண்டு. ஆனால் 1963 செப்டம்பர் 16 என்பது அந்த நாட்டுக்கு முதலில் குறித்த தேதியே இல்லை என்பது இங்கே பலருக்குத் தெரியாது. மலாயா, சிங்கப்பூர், சரவாக், இன்று சபா எனப்படும் வட போர்னியோ ஆகிய நான்கும் ஆகஸ்ட் 31ஆம் தேதி ஒன்றாவதாகத்தான் ஏற்பாடு. 1957இல் மலாயா விடுதலை பெற்றதும் அதே தேதியில்தான். இந்தோனேசியாவும் பிலிப்பைன்ஸும் எதிர்ப்புத் தெரிவித்தன. சரவாக், சபா மக்கள் மனமொப்பித்தான் சேருகிறார்களா என்று பார்த்துவர ஐ.நா. குழு ஒன்று அங்கே போனது. அதன் வேலை முடியும்வரை விழா தள்ளிவைக்கப்பட்டது. பெரும்பாலோர் சேரவே விரும்புகிறார்கள் என்று ஐ.நா. பொதுச்செயலர் ஊ தாண்ட் செப்டம்பர் 14 அன்று அறிவித்தார். அடுத்த இரண்டு நாளில் மலேசியா பிறந்தது.

அன்றைக்கு சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூவுக்கு நாற்பது வயது நிறைந்தது. தாமதம் பொறுக்காத அவர், ஆகஸ்ட் 31 அன்றே சிங்கப்பூர் தன்னளவில் விடுதலை பெற்றுவிட்டதாக அறிவித்திருந்தார். அவ்வளவு ஆவலோடு சேர்ந்த உறவு இரண்டு ஆண்டு முழுதாக நிலைக்கவில்லை. 1965 ஆகஸ்ட் 9 அன்று பிரிவினையைப் பற்றிப் பேசும்போது தொலைக்காட்சி கேமராவின் முன் அவர் கண்கலங்கி நின்றதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. மலேசியாவிலோ, செப்டம்பர் 16 நாடு முழுவதற்குமான பொது விடுமுறையானது 2010இல்தான். தாங்கள் சேர்ந்த நாளுக்கு உரிய மதிப்பு இல்லையே என்று சபாவும் சரவாக்கும் அதுவரை மனக்குறையோடு இருந்தன. ‘மலேசியா உதயமானது’ என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் புதைந்து கிடக்கிறது.

மெக்சிகோவின் கதையும் இப்படித்தான். 1810 செப்டம்பர் 16 விடியற்காலையில் டொலோரெஸ் என்ற சிற்றூரில் மிகேல் இடால்கோ என்ற பாதிரியார் தேவாலய மணியை ஒலித்து மக்களைத் திரட்டினார். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளம்பிய அந்தக் கூட்டத்தின் முன் அவர் பேசியது சொல்லுக்குச் சொல் பதிவாகவில்லை. மறு ஆண்டே பிடிபட்டுச் சுட்டுக்கொல்லப்பட்டார். விடுதலை கைக்கு வந்தது 1821 செப்டம்பர் 27 அன்று. ஆனாலும் மெக்சிகோ மக்கள் தங்கள் பெருவிழாவாக வைத்துக்கொண்டது, தோற்றுப்போன அந்தப் பாதிரியார் மணியடித்த நாளை. ஒவ்வோர் ஆண்டும் 15ஆம் தேதி இரவு அதிபர் அரண்மனை மாடத்துக்கு வந்து, டொலோரெஸிலிருந்து கொண்டுவந்து மாட்டிய அதே மணியை அடிக்கிறார். ஆட்சி கைமாறிய நாளைக் கொண்டாடிப் பழகிய இந்திய வாசகருக்கு இது புதிய செய்தி. இதைச் சொல்லாமல் ஆண்டை மட்டும் சொல்வதில் என்ன பயன்?

ஓசோன் தினத்துக்குப் பள்ளிகளில் ஓவியப் போட்டியாவது நடக்கிறது. குளிர்பதனப் பெட்டியிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த வாயு ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் மெலிந்து கிடப்பதை 1985இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இரண்டே ஆண்டில், 1987 செப்டம்பர் 16 அன்று, அந்த வாயுவைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் மான்ட்ரியலில் கையெழுத்தானது. பிற்பாடு உலக நாடுகள் அத்தனையும் அதை ஏற்றுக்கொண்டன.

இனி அந்தக் கடைசி வரிக்கு வரலாம். 1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில், மீனாட்சி அம்மன் கோவிலுக்குப் பக்கத்துத் தெருவொன்றில், வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாக எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார். பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபில் வந்த அந்தப் பெண்களின் கலையை ஊர் ரசித்தது. அவர்களுக்குரிய மரியாதையைக் கொடுக்க மட்டும் அதே ஊர் தயங்கியது. சுப்புலட்சுமி பத்து வயதிலேயே இசைத்தட்டில் பாடிவிட்டார். 1938இல் ‘சேவாசதனம்’, 1940இல் ‘சகுந்தலை’ என்று திரைக்கு வந்தார். 1941இல் ‘சாவித்திரி’ படத்தில் நாரதராக ஆண் வேடமிட்டார். அந்தப் படத்தில் வாங்கிய ஊதியம்தான் ‘கல்கி’ பத்திரிகை தொடங்கக் கைகொடுத்தது. தமிழ்ப் பத்திரிகை உலகம் இந்தப் பாடகிக்குப் பட்டிருக்கும் கடன் இது. அந்தக் கடனையாவது நினைத்து, பிறந்த நாளில் ஒற்றை வரிக்கு மேல் எழுதலாம்.

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதை 1968இல் பெற்றபோது, அதைப் பெற்ற முதல் பெண் அவர். அந்த விருது தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் ஒரு பெண்ணுக்குக்கூடக் கிடைத்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரிக்குப் பொருள் உண்டு. 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் பாடினார். அதற்கென்றே காஞ்சிப் பெரியவர் சமஸ்கிருதத்தில் ஒரு பாடல் இயற்றித் தந்தார். ராஜாஜி ஆங்கிலத்தில் ஒன்று எழுதித் தந்தார். 1998இல் பாரத ரத்னா. இசைக் கலைஞர் ஒருவருக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. மதுரைத் தெருவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்த தூரம், இந்த நாட்டுப் பெண்களின் சமூக வரலாற்றில் ஒரு அத்தியாயம்.

அவர் பிறந்து சரியாக ஒன்பது ஆண்டு கழித்து, அதே செப்டம்பர் 16 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காட்டில் ரைலி கிங் பிறந்தார். உலகம் அவரை பி.பி. கிங் என்று அறியும். சிறு வயதில் பருத்தி பறித்தவர்; மாதாகோவிலில் பாடிப் பழகியவர். மெம்பிஸ் நகரத்து வானொலி ஒன்றில், கறுப்பின நேயர்களுக்கென்றே நடந்த நிலையம் அது, டானிக் விளம்பரத்துக்குப் பாடி நிகழ்ச்சியும் நடத்தினார். ‘புளூஸ் பாய்’ என்று நேயர்கள் அழைத்த பட்டப்பெயரின் முதலெழுத்துகள்தான் அந்த பி.பி.

1949 குளிர்காலத்தில் ஆர்கன்சா மாநிலத்தின் ட்விஸ்ட் என்ற ஊரில் ஒரு நடனக் கொட்டகையில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். குளிருக்கு நடுக்கூடத்தில் பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்திருந்தார்கள். இரண்டு பேர் கைகலந்து பீப்பாயை உருட்டிவிட, தரையெங்கும் நெருப்பு ஓடியது. எல்லாரோடும் வெளியே ஓடிவந்த கிங், கிட்டார் உள்ளே இருப்பது நினைவுக்கு வந்ததும் எரியும் கொட்டகைக்குள் திரும்பப் பாய்ந்தார். ஏறக்குறைய முப்பது டாலர் பெறும் கிட்டார். அதற்காக உயிரைப் பணயம் வைத்துவிட்டு மறுநாள் விசாரித்தபோது, சண்டை லூசில் என்ற பெண்ணைப் பற்றி எழுந்தது என்று தெரிந்தது. இனி இப்படியொரு காரியம் செய்யக் கூடாது என்று தனக்கே நினைவூட்ட, அந்தக் கிட்டாருக்கும் பின்னர் வந்த கிட்டார்களுக்கும் லூசில் என்றே பெயர் வைத்தார். 1956இல் மட்டும் 342 இரவுகள் ஊர் ஊராகப் போய் வாசித்தார். 1970 செப்டம்பரில் சிகாகோவின் குக் கவுன்டி சிறைக்குள் கைதிகள் முன்னால் வாசித்தார். அது இசைத்தட்டாகவும் வந்தது. ஆண்டு முழுக்கப் பேருந்திலும் காரிலும் கழிந்த அந்த உழைப்பைப் பிறந்த தேதி ஒருபோதும் சொல்லாது.

இன்னொருவர் பெயர் தமிழ்ப் பத்திரிகைகளில் கண்ணில் படுவதே அரிது. நாடியா புலாஞ்சே, 1887 செப்டம்பர் 16 அன்று பாரிஸில் பிறந்தவர். மேடையில் பாடிப் புகழ் சேர்த்தவரில்லை. சொல்லிக்கொடுத்தார். பாரிஸின் பாலு தெருவில் 36ஆம் எண் வீட்டில், எழுபது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்து, உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வந்தவர்களுக்கு இசையின் கட்டுமானத்தைக் கற்பித்தார். புதன்கிழமை பிற்பகல்களில் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்த வகுப்பு பெயர்பெற்றது. ஏரன் கோப்லண்ட், குயின்சி ஜோன்ஸ், பிலிப் கிளாஸ் என்று அவரிடம் படித்தவர்களை வரிசைப்படுத்தினால் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க இசையில் பாதி வந்துவிடும்.

1954இல் அர்ஜென்டினாவிலிருந்து ஆஸ்டர் பியாசோலா என்ற முப்பத்து மூன்று வயதுக்காரர் கட்டுக்கட்டாக இசைக் குறிப்புகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். ஐரோப்பியச் செவ்வியல் பாணியில் எழுதியவை. புலாஞ்சே பொறுமையாகப் புரட்டினார். நன்றாக எழுதியிருந்தது. ஆனால் இதில் யார் யாருடைய சாயலோ இருக்கிறதே, எழுதியவரைக் காணோமே என்று கேட்டார். ஊரில் என்ன செய்கிறாய், பியானோவா என்று துருவினார். இரவு விடுதிகளில் டாங்கோ வாசித்துப் பிழைத்ததைச் சொல்ல பியாசோலாவுக்குக் கூச்சம். கடைசியில் சொன்னார். புலாஞ்சே அவருடைய டாங்கோ ஒன்றை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். சில அடிகள் போனதுமே நிறுத்தி, அவர் கையைப் பிடித்து, இதுதான் நீ, இதை விட்டுவிடாதே என்றார். பியாசோலா ஊர் திரும்பி டாங்கோவை வேறொன்றாக மாற்றிக் காட்டினார். உலகத்து மேடைகளில் இன்று அது ஒலிக்கிறது. சொந்த ஊர் இசையைத் தாழ்வாக எண்ணிய ஒருவருக்கு, ஐரோப்பிய மரபில் ஊறிய ஆசிரியை ஒருவர் அதையே திருப்பிக் கொடுத்த இந்த நிகழ்ச்சி, நாட்டுப்புறக் கலையையும் நாதஸ்வரத்தையும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய கதை.

புலாஞ்சேயின் வகுப்புக்கு இந்தியாவோடும் ஒரு தொடர்பு உண்டு. பிலிப் கிளாஸ் அவரிடம் படித்துக்கொண்டிருந்தபோதுதான், பாரிஸில் ஒரு படத்துக்கு இசையமைக்க வந்த ரவிசங்கருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். ரவிசங்கரும் அல்லா ரக்காவும் வாசித்ததை மேற்கத்தியக் குறிப்பாக எழுதித் தரும் வேலை. தாளம் எண்ணும் இந்திய முறை அவர் இசையின் போக்கையே மாற்றியது. தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய போராட்டத்தை வைத்து 1980இல் ‘சத்யாகிரகா’ என்ற இசைநாடகத்தை அவர் அரங்கேற்றினார். அதன் வரிகள் பகவத் கீதையிலிருந்து எடுத்த சமஸ்கிருதத்திலேயே பாடப்படுகின்றன.

செப்டம்பர் 16க்கு இழப்புகளும் நிறைய. 1970இல் அந்த இரவில் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் லண்டன் ரோனி ஸ்காட்ஸ் கிளப்பில் நண்பர்களின் குழுவோடு சேர்ந்து கிட்டார் வாசித்தார். இரண்டு நாள் கழித்து இறந்துவிட்டார், வயது 27. 1977இல் ஒரே நாளில், பாரிஸில் ஓபரா பாடகி மரியா காலஸ் 53 வயதில் மறைந்தார். லண்டனில் ராக் பாடகர் மார்க் போலன் கார் விபத்தில் இறந்தார்.

சிலியின் விக்டர் ஹாராவுக்கு மரணம் கொலையாக வந்தது. 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவத் தளபதி பினோசெட்டின் படைகள் ஆட்சியைக் கவிழ்த்தபோது அவர் தாம் பணியாற்றிய பல்கலைக்கழகத்தில் இருந்தார். மறுநாள் ஆயிரக்கணக்கானோரோடு சிலி ஸ்டேடியத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டார். ஏழைகளைப் பாடிய நாடக இயக்குநரும் பாடகருமான அவரை ராணுவத்தினர் அடையாளம் கண்டு அடித்துத் துன்புறுத்தினர். அங்கிருந்தபடியே அவர் எழுதிய கடைசிக் கவிதையை உடனிருந்த கைதிகள் ஒளித்து வெளியே கொண்டுவந்தனர். பிறகு சுட்டுக்கொன்றார்கள். உடலில் 44 குண்டுக் காயங்கள். மனைவி ஜோன் பிணவறையில் அடையாளம் காட்டி, சந்தடியில்லாமல் புதைக்க வேண்டியிருந்தது. 2009இல் உடல் தோண்டியெடுக்கப்பட்டு மறுபடி அடக்கம் செய்யப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் பின்னால் நடந்தனர். அந்த ஸ்டேடியத்துக்கு இன்று அவர் பெயர். முன்னாள் ராணுவ அதிகாரிகளுக்கு 2018இல் விதித்த தண்டனையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023இல்தான் உறுதிசெய்தது. கொலை நடந்து ஐம்பது ஆண்டு.

ஹாரா இறந்த நாளைச் சில பட்டியல்கள் 15 என்கின்றன, சில 16 என்கின்றன. கொன்றவர்கள் பதிவு வைத்துவிட்டா கொல்வார்கள்? நம் பெட்டிகளில் ஒரு தேதியைப் போட்டுவிட்டு மேலே போய்விடுகிறோம். ‘15 அல்லது 16’ என்று எழுதினால் குறைந்துபோவது எதுவும் இல்லை. அந்த ‘அல்லது’வே அவருக்கு நேர்ந்த கொடுமையைப் படிப்பவருக்குச் சொல்லும்.

தேதி என்பதே எல்லா மரபிலும் ஒரே மாதிரியானதில்லை என்பதைத் தமிழ் வாசகருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரி 6. திருவையாற்றில் ஆராதனை நடப்பதோ புஷ்ய பகுள பஞ்சமி திதியில். ஆங்கில நாட்காட்டியில் அது ஆண்டுக்கு ஆண்டு நகரும். காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான வித்வான்கள் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடும் அந்தக் காலை, இசைக் கலைஞரை எப்படி நினைவுகொள்ள வேண்டும் என்பதற்கு நம்மிடமே இருக்கும் முன்மாதிரி. அங்கே அவரது பிறப்பு விவரத்தை யாரும் வாசிப்பதில்லை. அவர் ஆக்கியதைப் பாடுகிறார்கள்.

பாட்டும் தேதியும் உயிரோடு சந்திக்கும் இடம் சில நேரம் நம் காலத்திலேயே அமைந்துவிடுகிறது. 2022 செப்டம்பர் 16 அன்று தெஹ்ரானில் மஹ்சா அமினி என்ற 22 வயதுக் குர்து இனப் பெண் இறந்தார். தலைமுக்காட்டைச் சரியாக அணியவில்லை என்று ஒழுக்கக் காவலர்கள் அவரைப் பிடித்துப்போன மூன்றாம் நாள். ஈரான் தெருக்களில் பெண்கள் திரண்டார்கள். எதற்காகப் போராடுகிறோம் என்று மக்கள் சமூக வலைத்தளத்தில் எழுதிய வரிகளைக் கோத்து ஷெர்வின் ஹாஜிபூர் என்ற இளைஞர் ‘பராயே’ என்ற பாடலைப் பாடி வெளியிட்டார். சில நாளில் கைதானார். பாடலை அவர் நீக்க வேண்டிவந்தாலும் அது கோடிக்கணக்கானோரிடம் போய்ச் சேர்ந்திருந்தது. 2023 பிப்ரவரியில், சமூக மாற்றத்துக்கான பாடலுக்கென்று கிராமி புதிதாக ஏற்படுத்திய விருது முதன்முதலாக அதற்குக் கிடைத்தது. மஹ்சாவின் பெயரை மட்டும் ஒரு வரியில் எழுதி, இந்தப் பாடலை விட்டுவிட்டால் அந்த நாளின் செய்தி பாதிதான்.

என்ன செய்யலாம்? பத்துப் பெயர்களைப் போடும் வழக்கத்தை விட்டு, நாளுக்கு ஒன்றை எடுத்து எட்டு வரி எழுதலாம். நாட்டுத் தலைவர் ஒரு நாள், பாடகர் ஒரு நாள், விஞ்ஞானி ஒரு நாள் என்று முறை வைத்துக்கொள்ளலாம். இணையத்தில் ஒருவர் போட்டதை இன்னொருவர் நகலெடுக்கும் வேலையை நிறுத்தி, வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றையாவது புரட்டிச் சரிபார்க்கலாம். ஐயமிருந்தால் ஐயம் என்றே எழுதலாம். பிறந்த நாள் குறிப்பில், அந்த மனிதர் செய்த ஒரு காரியத்தையாவது படிப்பவர் கண்முன் நிறுத்தலாம்: சுப்புலட்சுமிக்கு நாரதர் வேடம், கிங்குக்கு எரியும் கொட்டகை, புலாஞ்சேக்கு அந்த டாங்கோ.

வானொலிக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை, திருச்சி, மதுரை நிலையங்கள் பெரிய கலைஞர்களைப் பல்லாண்டு ஒலிபரப்பியவை. அடுத்த செப்டம்பர் 16 அன்று காலையில் ‘இன்று பிறந்தவர்கள்’ என்று பெயர்களை வாசிப்பதற்குப் பதிலாக, சுப்புலட்சுமியின் பழைய கச்சேரிப் பதிவிலிருந்து அரை மணி நேரம் போடட்டும். மாலையில் கிங்கின் சிறைச்சாலைப் பதிவு. இரவில் பியாசோலாவின் டாங்கோ ஒன்றும், கிளாஸும் ரவிசங்கரும் 1990இல் சேர்ந்து வெளியிட்ட ‘பேசேஜஸ்’ இசைத்தொகுப்பும். ஒவ்வொன்றுக்கும் முன்னால், இது ஏன் இன்று ஒலிக்கிறது என்று அறிவிப்பாளர் இரண்டு நிமிடம் நல்ல தமிழில் சொன்னால் போதும். பள்ளிக் கூட்டத்தில் மைக் முன்னால் நிற்கும் மாணவியும் மறுநாள் அதையே தன் சொற்களில் சொல்ல முடியும்.